மூன்று மாத பாலிசி முழுக் காப்பீட்டுக்கு ஈடாகுமா?

காப்பீடு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கிருந்து கவலைப்படும் பெற்றோரும் அண்மையில் எழுதிய கடிதங்களில் பல ஒரே ஐயத்தை எழுப்பியிருந்தன. 'ஷார்ட் டேர்ம்' எனப்படும் குறுகிய கால மருத்துவக் காப்பீட்டை வாங்கலாமா, அல்லது ஒபாமா கேர் என்று வழங்கப்படும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட முழுமையான காப்பீட்டையே நாட வேண்டுமா என்பதே அது. அக்கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: டாலஸில் ஹெச்-1பி விசாவில் பணியாற்றிவந்த எனக்குச் சென்ற வாரம் வேலை போய்விட்டது. இந்த மாத இறுதியோடு நிறுவனத்தின் காப்பீடும் முடிகிறது. மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். பழைய காப்பீட்டையே கோப்ரா (வேலை போன பின்னும் நிறுவனக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடர வழிசெய்யும் சட்டம்) வழியாகத் தொடர மாதம் 2,300 டாலர் ஆகும் என்கிறார்கள். முகவர் ஒருவரோ 480 டாலருக்கு மூன்று மாத பாலிசி தருவதாகச் சொல்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டாலஸ்

பதில்: முகவர் சொன்ன 480 டாலர், தங்கள் மனைவியின் உடல்நிலையைக் கேட்டறிந்த பின் சொல்லப்பட்டதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். குறுகிய கால பாலிசியின் விண்ணப்பத்தில் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் போன்றவை உண்டா என்ற கேள்விகள் இருக்கும். உண்டு என்று எழுதினால் அவருடைய விண்ணப்பம் பெரும்பாலும் மறுக்கப்படும். அப்படியே ஏற்கப்பட்டாலும், ஏற்கெனவே உள்ள நோய் என்ற பிரிவின்கீழ் சர்க்கரை நோய்க்கான மருந்து, பரிசோதனை, அதனால் விளையும் சிக்கல்களுக்கான சிகிச்சை ஆகிய எதற்கும் பணம் வராது. தங்கள் குடும்பத்தில் காப்பீடு மிகவும் தேவைப்படுபவர் அவர்தான். அவரை விட்டுவிட்டு மற்ற மூவருக்கு வாங்கும் பாலிசி எத்தனை மலிவாக இருந்தாலும் தங்கள் சிக்கலைத் தீர்க்காது.

கோப்ராவின் விலை மலைப்பாகத் தோன்றுவது இயல்பே. வேலையில் இருந்தபோது பிரீமியத்தின் பெரும்பகுதியை நிறுவனம் செலுத்திவந்தது. இப்போது அந்த முழுத் தொகையோடு நிர்வாகச் செலவாக 2 விழுக்காடும் சேர்த்துத் தாங்களே செலுத்த வேண்டியிருக்கிறது. ஆனால், 20 பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும் இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. அறிவிப்புக் கடிதம் வந்த நாள், காப்பீடு முடிந்த நாள் ஆகிய இரண்டில் எது பின்னதோ அதிலிருந்து 60 நாள்களுக்குள் கோப்ராவைத் தேர்ந்தெடுத்தால் போதும். தேர்ந்தெடுத்த பின் முதல் தவணையைச் செலுத்த மேலும் 45 நாள்கள் உண்டு. எப்போது தேர்ந்தெடுத்தாலும், விடுபட்ட மாதங்களுக்கான பிரீமியத்தையும் செலுத்திவிட்டால், பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு இருந்ததாகக் கொள்ளப்படும். எனவே தாங்கள் இரண்டு மாதங்களுக்குள் வேறு வேலையில் சேர்ந்துவிட்டு, இடையில் எவருக்கும் பெரிய மருத்துவச் செலவு நேராமல் இருந்தால், கோப்ராவுக்கு ஒரு டாலர்கூடச் செலவிட வேண்டியதில்லை. செலவு நேர்ந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனை முதலில் காப்பீடு இல்லாதவர் என்று பதிவுசெய்து பில் அனுப்பக்கூடும் என்பதால், பிறகு அதைத் திருத்தக் கொஞ்சம் கடிதப் போக்குவரத்து தேவைப்படும். ஹெச்-1பி விசாவில் வேலை இழந்தோர்க்கு நாட்டில் தங்கியிருக்கத் தரப்படும் அவகாசமும் அதிகபட்சம் 60 நாள்களே என்பதால், இந்த இரண்டு கெடுக்களையும் ஒரே நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி, அரசின் மார்க்கெட்பிளேஸ் தளத்தில் முழுமையான காப்பீடு வாங்குவது. நிறுவனக் காப்பீடு முடிவதற்கு முந்தைய 60 நாள்களிலும் பிந்தைய 60 நாள்களிலும் தாங்கள் அங்கே சிறப்புப் பதிவு செய்யலாம். இந்த மாத இறுதிக்குள் பதிவுசெய்தால் அடுத்த மாதம் 1-ஆம் தேதியே காப்பீடு தொடங்கிவிடும்; ஒரு நாள்கூட இடைவெளி இராது. தங்கள் மனைவியின் சர்க்கரை நோயைக் காரணம் காட்டி அங்கே மறுக்கவோ கூடுதல் விலை கேட்கவோ முடியாது. பிரீமியத்துக்கான வரிச் சலுகை ஆண்டு முழுவதற்குமான குடும்ப வருமானத்தைப் பொறுத்தது; 2026-ஆம் ஆண்டுக்கு நால்வர் கொண்ட குடும்பத்துக்கான உச்சவரம்பு 1,28,600 டாலர். வேலை இழந்த ஆண்டில் வருமானம் அந்த வரம்புக்குள் வந்துவிட வாய்ப்புண்டு என்பதால் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி 2027 முதல் ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்போருக்கு இந்தச் சலுகை கிடையாது; காப்பீட்டை முழு விலைக்கு வாங்கும் உரிமை மட்டும் தொடரும்.

தங்கள் மனைவி வேலையில் இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. அவருடைய நிறுவனக் காப்பீட்டில் குடும்பத்தைச் சேர்க்கலாம். ஆனால் அதற்கான கெடு பொதுவாக 30 நாள்கள் மட்டுமே.

கேள்வி: இரண்டு வகைப் பாலிசிகளின் விளம்பரங்களிலும் மருத்துவமனை, அறுவை சிகிச்சை, அவசர சிகிச்சை எல்லாம் உண்டு என்றே இருக்கிறது. அப்படியானால் விலை மட்டும் எப்படி இவ்வளவு குறைகிறது?
– வாசகி, டாம்பா

பதில்: விளம்பரத்தில் சொல்லப்படுபவை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். எவரை மறுக்கலாம், எதை விலக்கலாம், எவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற மூன்று உரிமைகளையும் குறுகிய காலக் காப்பீட்டு நிறுவனம் தன் கையில் வைத்திருப்பதால்தான் விலை குறைகிறது.

முழுமையான காப்பீட்டில் இந்த மூன்று உரிமைகளையும் சட்டம் பறித்துக்கொண்டது. விண்ணப்பித்தவரை நோயைக் காட்டி மறுக்கக் கூடாது. மகப்பேறு, மனநல சிகிச்சை, மருந்துகள், ஆய்வகப் பரிசோதனைகள் உள்ளிட்ட 10 அடிப்படைப் பிரிவுகளைச் சேர்த்தே தீர வேண்டும். அவற்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு, வாழ்நாளுக்கு இவ்வளவு என்று வரம்பு விதிக்கக் கூடாது. மாறாக, நோயாளி தன் கையிலிருந்து செலுத்தும் தொகைக்குத்தான் வரம்பு. நெட்வொர்க்குக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகள், மருத்துவர்கள் வட்டத்துக்கு, உட்பட்ட சிகிச்சைக்கு 2026-இல் அது தனிநபருக்கு 10,600 டாலர், குடும்பத்துக்கு 21,200 டாலர். இதுவே பெரிய தொகைதான். அமெரிக்காவில் முழுமையான காப்பீடு என்பது செலவே இல்லாத காப்பீடு என்று எவரும் எண்ண வேண்டாம்.

குறுகிய கால பாலிசியில் வரம்பு எதிர்த்திசையில் அமைகிறது. நிறுவனம் தரும் தொகை 2,50,000 டாலர், 10,00,000 டாலர் என ஏதோ ஓர் உச்சத்தில் நின்றுவிடும். அதைத் தாண்டிய செலவு நோயாளியுடையது. அந்த உச்சத்தைக் காட்டிலும் உள்வரம்புகள்தாம் அதிகத் தொல்லை தருபவை. ஒரு கணக்குக்காக, மருத்துவமனையில் நான்கு நாள் தங்கியதற்கு 40,000 டாலர் பில் வருகிறது என்றும், நாள் ஒன்றுக்கு அறை வாடகை உள்ளிட்ட செலவுக்கு 1,000 டாலர் மட்டுமே தரப்படும் என்று பாலிசியின் உட்பிரிவு சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அட்டையில் 10 லட்சம் டாலர் என்று அச்சிட்டிருந்தாலும், இங்கே கணக்கில் வருவது 4,000 டாலர்தான். அதுவும் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கைகொடுக்கத் தொடங்கும் முன் நாமே செலுத்த வேண்டிய தொகை, 5,000 டாலர் என்றிருந்தால் அதற்குள்ளேயே அடங்கிவிடும். முழுமையான காப்பீட்டில் இதே நோயாளி நெட்வொர்க் மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் 10,600 டாலருக்கு மேல் அவரிடம் கேட்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பெரிய கிளெய்ம் ஒன்று வந்த பிறகு நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளை வரவழைத்து, நோயின் அறிகுறி பாலிசி தொடங்கும் முன்பே இருந்ததா என்று ஆராயலாம். மருத்துவர் நோய் என்று பெயர்சூட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வயிற்றுவலி என்று ஒரு முறை கிளினிக்குக்குப் போன குறிப்பே போதுமானதாகிவிடுகிறது. விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததாகச் சொல்லி பாலிசியையே ரத்துசெய்த வழக்குகளும் உண்டு. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவர் அவசர சிகிச்சை அளித்துவிட்டுத் தனி பில் அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. குறுகிய கால பாலிசி வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் பொருந்தாது.

தனிநபர்களுக்கான முழுமையான காப்பீட்டை விற்கும் நிறுவனம் வசூலிக்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிகிச்சைக்கும் தரத்தை உயர்த்தவும் செலவிட வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். குறுகிய கால பாலிசிகளுக்கு மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. முகவர்கள் அவற்றை இத்தனை ஆர்வத்தோடு விற்பதற்கு அவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் கமிஷனும் ஒரு காரணம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்களுடைய ஆலோசனையைக் கேட்கலாம்.

கேள்வி: முதலில் மூன்று மாதம் என்றார்கள், பிறகு ஓராண்டு என்றார்கள், பிறகு நான்கு மாதம் என்றார்கள். இப்போது குறுகிய கால பாலிசி உண்மையில் எத்தனை நாளைக்கு?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: தங்கள் குழப்பம் நியாயமானது, ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த விதியும் மாறியிருக்கிறது. ஒபாமா அரசு 2016-இல் இதனை மூன்று மாதத்துக்கும் குறைவாகச் சுருக்கியது. டிரம்ப் அரசு 2018-இல் 364 நாள்கள்வரை நீட்டி, புதுப்பித்தலையும் சேர்த்து 36 மாதங்கள்வரை அனுமதித்தது. பைடன் அரசு 2024 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் பாலிசிகளுக்கு மூன்று மாதமும், நீட்டிப்பையும் சேர்த்து நான்கு மாதமும் மட்டுமே என்று விதித்தது. அந்த விதி நீக்கப்படாத நிலையிலேயே, அதை மீறுவோர்மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன்னுரிமை தரப்போவதில்லை என்று 2025 ஆகஸ்டில் தொடர்புடைய மூன்று அமைச்சகங்களும் அறிவித்தன. ஆகவே நடைமுறையில் தங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவே இப்போது எல்லையாக இருக்கிறது.

கால அளவு நீண்டால் பாதுகாப்பும் நீளும் என்று கருதிவிடக் கூடாது. புதுப்பிக்கும் உறுதி இல்லாத பாலிசியில் முதல் மூன்று மாதத்தில் கண்டறியப்பட்ட நோய், அடுத்த பாலிசி வாங்கும்போது ஏற்கெனவே உள்ள நோயாகிவிடும். மழைக்கு ஒதுங்கும் திண்ணை மழை விடும்வரைக்கும்தான். மேலும், குறுகிய கால பாலிசி காலாவதியானது என்பதைக் காரணம் காட்டி மார்க்கெட்பிளேஸில் சிறப்புப் பதிவு கேட்க முடியாது. ஏப்ரலில் வேலையை இழந்து, 60 நாள் வாய்ப்பைத் தவறவிட்டு, ஜூலையில் பாலிசி முடிந்துவிட்டால், நவம்பர் 1-இல் அனைவருக்குமான ஆண்டுப் பொதுப் பதிவு தொடங்கி ஜனவரியில் காப்பீடு நடைமுறைக்கு வரும்வரை அந்தக் குடும்பம் வெறுங்கையோடு காத்திருக்க நேரும். குறுகிய கால பாலிசியின் விலையைக் கணக்கிடுபவர்கள் இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது எம் கருத்து.

கேள்வி: எடிசனில் இருக்கிறோம். இணையத்தில் தேடினால் நியூஜெர்சிக்குக் குறுகிய கால பாலிசி எதுவும் காட்டவில்லை. ஆனால் தொலைபேசியில் அழைத்த ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.
– வாசகி, எடிசன்

பதில்: நியூஜெர்சி, நியூயார்க், மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில் இவ்வகை பாலிசி விற்கப்படுவதில்லை, இல்லினாய் 2025 முதல் தடைசெய்துவிட்டது. தங்களை அழைத்தவர் விற்பது நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தரும் பாலிசியாகவோ, தள்ளுபடி அட்டையாகவோ, காப்பீடே அல்லாத செலவுப் பகிர்வுத் திட்டமாகவோ இருக்கக்கூடும். நியூஜெர்சியில் முழுமையான காப்பீடு இல்லாதவர் மாநில வருமான வரியோடு அபராதம் செலுத்த வேண்டும். குறுகிய இடைவெளி போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மேற்சொன்ன பாலிசி, அட்டை, திட்டம் எதுவும் அந்த அபராதத்திலிருந்து காப்பாற்றாது. மத்திய அரசின் அபராதம் 2019 முதல் இல்லை என்பதை வைத்து மாநில அபராதமும் இல்லை என்று பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

கேள்வி: கணவர் வேலை மாறும் இடைவெளிக்காக ஆறு மாத பாலிசி எடுத்தோம். இப்போது நான் கருவுற்றிருக்கிறேன். பாலிசி உதவுமா?
– வாசகி, சார்லட்

பதில்: தங்களுக்கு வாழ்த்துகள். ஆனால் குறுகிய கால பாலிசிகள் இயல்பான மகப்பேற்றுச் செலவை ஏற்பதில்லை. கர்ப்பத்தால் ஏற்படும் சில சிக்கல்களுக்கு மட்டும் இடம் தரும் பாலிசிகள் உண்டு. கருவுற்றது என்பது பெரும்பாலான மாநிலங்களில் மார்க்கெட்பிளேஸின் சிறப்புப் பதிவுக்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. குழந்தை பிறந்தது ஏற்கப்படும். அப்போது வாங்கும் காப்பீட்டைப் பிறந்த நாளிலிருந்தே தொடங்கச் செய்யலாம் என்றாலும், அதற்கு முந்தைய மாதங்களின் ஸ்கேன், பரிசோதனைச் செலவுகள் அதில் வாரா. ஆகவே கணவரின் புதிய நிறுவனக் காப்பீட்டில் உடனே சேர்வதே தங்களுக்குச் சிறந்த வழி. புதிதாகச் சேர்ந்தவரைக் காப்பீட்டுக்காக 90 நாள்களுக்கு மேல் காத்திருக்க வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே உண்டான கர்ப்பம் என்று சொல்லி விலக்கவும் முடியாது. அவர் சேர்ந்தபோது காப்பீட்டுப் படிவத்தில் தங்கள் பெயரையும் எழுதினாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

வருமானம் குறைவாக இருந்தால், நாட்டில் சட்டப்படி வசிக்கும் கர்ப்பிணிகளுக்கு வழக்கமான ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லாமல் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோர்க்கான அரசுக் காப்பீடு) தரும் மாநிலங்களுள் வட கரோலைனாவும் ஒன்று என்பதையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் 26 வயது நிறைகிறது, எங்கள் காப்பீட்டிலிருந்து வெளியேறுகிறாள். ஒப்பந்தப் பணியில் இருப்பதால் நிறுவனக் காப்பீடு இல்லை. நல்ல உடல்நலம் உள்ளவளுக்கு மலிவான குறுகிய கால பாலிசி போதாதா?
– வாசகர், அட்லாண்டா

பதில்: அடுத்த இரண்டு மாதத்தில் வேலையோடு காப்பீடும் உறுதி என்றால், நோய் எதுவும் இல்லாத 26 வயதினருக்கு அது போதுமானதாக அமையலாம், விபத்தில் கை முறிந்தால் உதவும். உறுதி இல்லையென்றால், 30 வயதுக்குட்பட்டோர்க்கென மார்க்கெட்பிளேஸில் உள்ள 'கேட்டஸ்ட்ராஃபிக்' பாலிசியைப் பாருங்கள். அதன் டிடக்டிபிள் மேற்சொன்ன 10,600 டாலர்தான். வரிச் சலுகையும் கிடையாது. ஆனால் 10 அடிப்படைப் பிரிவுகளும் உண்டு. ஆண்டுக்கு மூன்று முறை பொது மருத்துவரைப் பார்ப்பதற்கும் நோய்த்தடுப்புச் சேவைகளுக்கும் டிடக்டிபிள் குறுக்கே நிற்பதில்லை. பெரிய நோய் வந்தால் உச்சவரம்பு இல்லாமல் துணைநிற்கும். வருமானம் குறைவென்றால் வரிச் சலுகையோடு வரும் வெண்கல, வெள்ளித் தரத் திட்டங்கள் இதைவிட மலிவாகிவிடவும் கூடும். 2021 முதல் கிடைத்துவந்த கூடுதல் சலுகை 2025 இறுதியோடு முடிந்துவிட்டதால், சென்ற ஆண்டு நண்பர்கள் செலுத்திய தொகையை வைத்துக் கணக்கிட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. திருச்சியிலிருந்து கிரீன் கார்டில் ஃபீனிக்ஸுக்கு வரவிருக்கிறார்கள். அப்பாவுக்கு இரத்தக்கொதிப்பும் ஸ்டென்ட்டும் உண்டு. இதுவரை சுற்றுலா விசாவில் வந்தபோதெல்லாம் 'காம்ப்ரிஹென்சிவ்' என்ற வகை விசிட்டர் இன்ஷூரன்ஸ் வாங்கினோம். அதையே தொடரலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம். விசிட்டர் இன்ஷூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் என்று விற்கப்படுவது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிலையான தொகை தரும் மலிவு வகையைக் காட்டிலும் மேலானது, அவ்வளவுதான். மேலே நாம் பேசிவரும் முழுமையான காப்பீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தங்கள் தந்தையின் இதய நோய்க்கு அதில் கிடைப்பது 'திடீர்த் தீவிரம்' என்ற ஒரு பிரிவின்கீழ் வரும் உதவி மட்டுமே. எதிர்பாராமல் வந்திருக்க வேண்டும், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குச் சென்றிருக்க வேண்டும், வயது வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும் என நிபந்தனைகள் பல. மாதாந்தர மாத்திரைக்கும் இதய மருத்துவரின் வழக்கமான பரிசோதனைக்கும் அதில் இடமில்லை. குறுகிய கால பாலிசியோ பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு விற்கப்படுவதே இல்லை.

கிரீன் கார்டு பெற்ற மறுநாளே மெடிகேர் எனப்படும் முதியோருக்கான அரசுக் காப்பீடு கிடைத்துவிடாது. அமெரிக்காவில் வேலை செய்திராதவர்கள், நிரந்தர வசிப்புரிமையோடு ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே பிரீமியம் செலுத்தி அதில் சேரலாம். 2026 விலையில் மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 565 டாலரும், மருத்துவர் பகுதிக்கு 202.90 டாலரும் ஒவ்வொருவருக்கும் ஆகும். பிள்ளைகள் எத்தனை ஆண்டுகள் மெடிகேர் வரி செலுத்தியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் வராது.

ஆனால் இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மார்க்கெட்பிளேஸ் திறந்தே இருக்கிறது. மெடிகேர் இல்லாத முதியவர்கள் அங்கே முழுமையான காப்பீடு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஸ்டென்ட் இருப்பது அங்கே ஒரு கேள்வியே அல்ல. பிரீமியம் வயதோடு ஏறினாலும் 64 வயதோடு ஏற்றம் நின்றுவிடுகிறது. 71 வயதினரும் 64 வயதினருக்கான விலையையே செலுத்துகிறார். வரிச் சலுகையைப் பொறுத்தவரை, அவர்களைத் தங்கள் வரிக் கணக்கில் சார்ந்தோராகக் காட்டினால் தங்கள் குடும்ப வருமானமே அளவுகோலாகும். அவர்கள் தனியாகக் கணக்குத் தாக்கல்செய்து வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால், 2026 முதல் சலுகை கிடையாது. எது ஆதாயம் என்பதை வரி ஆலோசகரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். காப்பீடு அடுத்த மாதம் 1-ஆம் தேதி தொடங்கும். வந்திறங்கிய நாளுக்கும் அந்த 1-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட சில நாள்களுக்கு, புதிதாகக் குடியேறுவோர்க்கென விற்கப்படும் தற்காலிக பாலிசி ஒன்றை வாங்கிக்கொள்வது பொருத்தமானதே. தேதி தங்கள் கையில் இருந்தால், 3-ஆம் தேதிக்குப் பதிலாக 25-ஆம் தேதியை ஒட்டி விமானச் சீட்டு எடுங்கள். தந்தையின் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவு கொண்டுவரச் சொல்லுங்கள்.